பிஜித் தீவு: சொகுசுச் சுற்றுலாவும் சர்க்கரை வரலாறும்

கல்யாண சீசன் வந்துவிட்டால் மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கம் ஒரு கேள்வி கட்டாயம் அடிபடும். ஹனிமூன் எங்கே? ஒரு காலத்தில் ஊட்டி, கொடைக்கானல். அப்புறம் சிங்கப்பூர், மலேசியா. அதற்கும் அப்புறம் பாலி, மாலத்தீவு, மொரீஷியஸ். கையில் இன்னும் கொஞ்சம் காசும் பத்து நாள் லீவும் இருப்பவர்கள் பசிபிக் பெருங்கடல் வரை யோசிக்கிறார்கள். அப்படி யோசிக்கும்போது முதலில் வந்து நிற்கும் பெயர் பிஜி.

சுற்றுலா விளம்பரங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். கண்ணாடி மாதிரி தண்ணீர், வெள்ளை மணல், கடலை ஒட்டிக் கூரை வேய்ந்த குடில், கையில் இளநீர். ஆள் அரவம் இல்லாத தீவு. கடிகாரமே வேண்டாம் என்கிற வாழ்க்கை. "சொர்க்கம்" என்கிற வார்த்தை இல்லாத பிஜி விளம்பரத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆனால் சென்னையிலிருந்து பிஜிக்குப் பயணம் போவது புதிய விஷயம் இல்லை. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்தே கப்பல் கப்பலாக ஆட்கள் அங்கே போனார்கள். மொத்தம் சுமார் 15,000 பேர். அவர்களுக்கும் ஒரு ஏஜென்ட் இருந்தார். அவர்களிடமும் தீவைப் பற்றி இனிப்பாகத்தான் சொன்னார்கள். தங்க இடம், சாப்பாடு, கப்பல் செலவு எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு. அந்தப் பயணத் திட்டத்தில் என்ன எழுதியிருந்தது, என்ன எழுதாமல் விட்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் இன்றைய திட்டம்

பிஜி என்பது ஒரு தீவு அல்ல. 330க்கும் மேற்பட்ட தீவுகளின் கூட்டம். அதில் மக்கள் வசிப்பது சுமார் 110ல்தான். பெரியவை இரண்டு: வீத்தி லெவு, வனுவா லெவு. தலைநகரம் சுவா, வீத்தி லெவுவின் தென்கிழக்கு மூலையில். சர்வதேச விமான நிலையம் இருப்பது மேற்குக் கரையில் உள்ள நாண்டியில். (ஆங்கில எழுத்தைப் பார்த்து "நடி" என்று படிப்பவர்கள் ஜாஸ்தி. உச்சரிப்பு நாண்டிதான்.)

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர், ஹாங்காங் அல்லது ஆஸ்திரேலியா வழியாக மாறிப் போகவேண்டும். நம் கடிகாரத்தைவிட அங்கே ஆறரை மணி நேரம் முன்னால். மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு, வெயிலும் இதமாக இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2016 பிப்ரவரியில் அடித்த வின்ஸ்டன் புயல் பல ஊர்களைத் தரைமட்டம் ஆக்கியது. ஆகவே மாதத்தைப் பார்த்துத் திட்டம் போடுவது நல்லது.

தங்குவதற்கு நாண்டி பக்கத்திலேயே தெனராவ் இருக்கிறது. பெரிய சர்வதேச ஹோட்டல்கள், கோல்ஃப் மைதானம், படகுத்துறை எல்லாம் ஒரே இடத்தில். அங்கிருந்து படகேறினால் மாமனுதா, யசாவா தீவுகள். இன்னும் வசதி உள்ளவர்களுக்குத் தனித் தீவுகளே இருக்கின்றன. லௌதாலா தீவை 1972ல் அமெரிக்கக் கோடீஸ்வரர் மால்கம் ஃபோர்ப்ஸ் வாங்கினார். 2003ல் அது ரெட் புல் பானத்தின் அதிபர் டீட்ரிச் மாட்டெஷிட்ஸ் கைக்கு மாறியது. அங்கே ஒரு ராத்திரிக்கு வாடகை பல ஆயிரம் டாலர்கள்!

2019ல், அதாவது கொரோனாவுக்கு முந்தைய வருஷம், பிஜிக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 9 லட்சம் பேர். நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

சரி, இனி பழைய திட்டத்துக்கு வருவோம்.

சர்க்கரைக்கு ஆள் தேடினார்கள்

1874 அக்டோபர் 10 அன்று பிஜி பிரிட்டிஷ் காலனி ஆனது. அங்கே குடியேறி வந்த முதல் கவர்னர் சர் ஆர்தர் கோர்டன். அதற்கு முன்பு டிரினிடாடிலும் மொரீஷியஸிலும் கவர்னராக இருந்தவர். இரண்டு இடத்திலும் இந்தியக் கூலிகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடப்பதைக் கண்ணால் பார்த்தவர். பிஜிப் பூர்வகுடிகளின் நிலத்தை விற்கவிடக்கூடாது, அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆனால் காலனி தன் செலவைத் தானே சம்பாதிக்கவேண்டும். அதற்குச் சர்க்கரை வேண்டும், சர்க்கரைக்கு ஆள் வேண்டும். ஆள் எங்கே? இந்தியாவில்!

1879 மே 14 அன்று லியோனிதாஸ் என்கிற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் தொழிலாளர்களுடன் வந்து சேர்ந்தது. அடுத்து சிட்னியைச் சேர்ந்த காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி (சுருக்கமாக சி.எஸ்.ஆர்.) உள்ளே நுழைந்தது. 1882ல் நௌசோரியில் அதன் ஆலை ஓட ஆரம்பித்தது. பின்னால் பா, லம்பாசா, லௌத்தோகா என்று வரிசையாக ஆலைகள். கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் பிஜியின் பொருளாதாரம் என்றாலே இந்த ஒரு கம்பெனிதான்.

முதல் இருபத்துநான்கு வருஷம் ஆட்கள் எல்லோரும் கல்கத்தா வழியாகவே போனார்கள். பெரும்பாலும் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் ஜனங்கள். அங்கே ஆள் கிடைப்பது குறைந்தபோது 1903ல் கவனம் சென்னைப் பக்கம் திரும்பியது. வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து நிறையப் பேர் போனார்கள். தஞ்சாவூர், கோயம்புத்தூர், மலபார், விசாகப்பட்டினம் என்று பல ஜில்லாக்காரர்களும் அதில் உண்டு. தமிழர், தெலுங்கர், மலையாளி எல்லோரும் கலந்த கூட்டம்.

தமிழனுக்குக் கடல் தாண்டுவது அப்போது புதிதல்ல. இலங்கை, மலேயா, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா எல்லாம் ஏற்கனவே தெரிந்த பெயர்கள். பிஜி மட்டும் யாருக்கும் தெரியாது. எவ்வளவு தூரம் என்று கேட்டால் "பக்கத்தில்தான்" என்று சொல்லி முடித்துவிட்ட ஆள்பிடிப்பவர்கள் உண்டு.

ஒப்பந்தத்தில் இருந்தது, இல்லாதது

ஒப்பந்தம் அச்சடித்தே கொடுக்கப்பட்டது. மாஜிஸ்டிரேட் முன்னால் படித்துக் காட்டிப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டமே இருந்தது. அதில் இருந்தவை சுருக்கமாக:

- வேலைக் காலம் 5 வருஷம்.
- திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 9 மணி நேரம், சனிக்கிழமை 5 மணி நேரம். ஞாயிறு விடுமுறை.
- முழு வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 அணா. பெண்ணுக்கு 9 பென்ஸ், அதாவது 9 அணா.
- தங்க இடம் இலவசம். வைத்தியம் இலவசம்.
- 5 வருஷம் முடிந்தால் சொந்தச் செலவில் ஊர் திரும்பலாம். 10 வருஷம் இருந்தால் திரும்பும் கப்பல் செலவு இலவசம்.

அன்றைய வட ஆற்காட்டு விவசாயக் கூலிக்கு 12 அணா என்பது கனவுச் சம்பளம். பஞ்சத்திலும் கடனிலும் கிடந்தவனுக்கு இதைவிட நல்ல திட்டம் யார் தருவார்கள்? கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைத்தார்கள்.

எழுதாமல் விட்டதுதான் முக்கியம். வேலையை முடிக்காவிட்டால் அது கிரிமினல் குற்றம், கோர்ட்டுக்கு இழுத்து அபராதமோ சிறையோ விதிப்பார்கள், சிறையிலிருந்த நாட்கள் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்படும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இல்லை. அந்தச் சட்டங்கள் பிஜியில் இருந்தன. பெருவிரல் வைத்தது சென்னையில்!

அந்த 12 அணாவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மணிக்கணக்கில் சம்பளம் இல்லை, பங்கு வேலைக்குத்தான் சம்பளம். இத்தனை சங்கிலி கரும்பு வரிசை வெட்டவேண்டும், களை எடுக்கவேண்டும் என்று ஓவர்சியர் ஒரு அளவு வைப்பார். அதை முடித்தால்தான் முழுக்கூலி. திடகாத்திரமான ஆளை வைத்து அளவை நிர்ணயம் செய்துவிட்டால் மற்றவர்கள் கதி? பலருக்குப் பல நாள் முழுக்கூலி கிடைக்கவில்லை. அங்கே அரிசி பருப்பு விலையும் ஊர் விலை இல்லை.

"அக்ரிமென்ட்" என்கிற வார்த்தை அவர்கள் வாயில் "கிர்மிட்" ஆனது. அதில் கட்டுப்பட்டவர் கிர்மிட்டியா. இன்றுவரை பிஜி இந்தியர்கள் தங்கள் வரலாற்றை அந்தப் பெயராலேயே சொல்கிறார்கள்.

வந்து இறங்கிய குட்டித் தீவு

பாய்மரக் கப்பலில் கல்கத்தாவிலிருந்து பிஜி போக சராசரியாக 73 நாள் ஆனது. சென்னைக்காரர்கள் போன காலத்தில் நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டதால் சுமார் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் சாதி ஆசாரம், தனிப்பந்தி எல்லாம் கரைந்துபோனது. ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் "ஜஹாஜி பாய்" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். கப்பல் சகோதரர் என்று அர்த்தம். அந்த உறவு சொந்த பந்தத்துக்குச் சமமாக மதிக்கப்பட்டது.

கப்பல் நேராகச் சுவாவில் இறக்கிவிடாது. சுவாவுக்குக் கிழக்கே நுகுலாவ் என்று ஒரு குட்டித் தீவு. முதலில் அங்கே இறக்கி, அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். புருஷன் பெண்டாட்டியையும் குழந்தைகளையும் பிரிக்கக்கூடாது என்று விதி. மற்றபடி கூடவே வந்த ஊர்க்காரன், கப்பல் சகோதரன் எல்லோரும் ஆளுக்கொரு தோட்டத்துக்குப் போவார்கள்.

இந்த நுகுலாவ் தீவின் கதை தனியாகவே எழுதத் தகுந்தது. 1846ல் இதை வாங்கியவர் ஜான் பிரவுன் வில்லியம்ஸ் என்கிற அமெரிக்கத் தூதர். 1849 ஜூலை 4 அன்று அமெரிக்க சுதந்திர தினக் கொண்டாட்டத்தின்போது அவர் வீடு தீப்பிடித்தது. அந்தக் குழப்பத்தில் சாமான்களை உள்ளூர் ஜனங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் நஷ்ட ஈடு கேட்டார். அந்தத் தொகை வருஷத்துக்கு வருஷம் ஏறியது. பிஜியின் பெரிய தலைவரான தக்கொம்பாவால் கட்டமுடியவில்லை. கடைசியில் அவர் நாட்டை பிரிட்டனிடம் ஒப்படைத்ததற்கு இந்தக் கடனும் ஒரு காரணம்.

பிறகு அது கிர்மிட்டியாக்களின் நோய்த்தடுப்பு முகாம். ஒப்பந்த முறை ஒழிந்தபின் சுவா மக்கள் ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் போகும் இடம். 2000ல் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற ஜார்ஜ் ஸ்பைட்டை அடைத்துவைத்த சிறைத் தீவு. 2006ல் அவரை வேறு சிறைக்கு மாற்றியபின் மறுபடி பிக்னிக் தீவு!

வெள்ளை மணல், தென்னை மரம், நீலக்கடல் எல்லாம் நுகுலாவிலும் உண்டு. விளம்பரப் படத்தில் வரும் தீவுக்கும் அதற்கும் பார்வைக்கு வித்தியாசமே கிடையாது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் முதன்முதலில் பார்த்த பசிபிக் தீவு அதுதான்.

லைன் வீடும் கிராண்ட் பசிபிக் ஹோட்டலும்

ஒப்பந்தத்தில் சொன்ன இலவசத் தங்குமிடத்தின் பெயர் "கூலி லைன்". ஒரு நீளக் கட்டிடத்தில் முதுகோடு முதுகாக 16 அறைகள். ஓர் அறை 10 அடிக்கு 7 அடி. அதில் கல்யாணம் ஆகாத ஆண்கள் மூன்று பேர், அல்லது கணவன் மனைவி, குழந்தைகள். சமையல், விறகு, மண்வெட்டி, துணிமணி எல்லாம் அதற்குள்ளேயே. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே கம்பி வலைதான். பக்கத்து அறையில் இருமினால் இங்கே கேட்கும். அந்தரங்கம் என்பதே கிடையாது.

100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்கிற கணக்கில் ஆள் எடுத்தார்கள். இதனால் வந்த சண்டைகளும் கொலைகளும் கொஞ்ச நஞ்சமல்ல. பெண்கள் மேல் ஓவர்சியர்களும் சர்தார்களும் செய்த கொடுமைகள் தனி. இந்தியத் தொழிலாளர்கள் போன காலனிகளிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்தது பிஜியில்தான். அந்த வாழ்க்கையை அவர்கள் ஒரே வார்த்தையில் சொன்னார்கள்: "நரக்". நரகம்.

இதே காலத்தில் சுவாவில் இன்னொரு கட்டிடம் எழும்பியது. 1914ல் திறக்கப்பட்ட கிராண்ட் பசிபிக் ஹோட்டல். பசிபிக்கைக் கடக்கும் முதல் வகுப்புக் கப்பல் பயணிகளுக்காக யூனியன் ஸ்டீம்ஷிப் கம்பெனி கட்டியது. கப்பலிலிருந்து இறங்கியும் கப்பலில் இருக்கிற மாதிரியே தோன்றவேண்டும் என்று அறைகளையும் வராந்தாவையும் அமைத்தார்கள். குளிப்பதற்கு உப்புத்தண்ணீர் வசதிகூட உண்டு. பிஜியின் சொகுசுச் சுற்றுலா வரலாற்றில் இந்த ஹோட்டலுக்கு முதலிடம் கொடுப்பார்கள். 1992ல் மூடிக் கிடந்து, 2014ல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது.

அதாவது 1914ல் சுவாவுக்கு இரண்டு விதமான கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்றிலிருந்து இறங்கியவர்கள் கிராண்ட் பசிபிக் போனார்கள். மற்றொன்றிலிருந்து இறங்கியவர்கள் நுகுலாவ் போனார்கள். "தீவுச் சொர்க்கம்" என்பதும் "நரக்" என்பதும் ஒரே வருஷத்தில் ஒரே ஊரைப் பற்றிய பேச்சு.

முடிவுக்கு வந்தது எப்படி?

1912ல் ரேவா பகுதித் தோட்டம் ஒன்றில் குந்தி என்கிற பெண் ஓவர்சியரிடமிருந்து தப்பிக்க ஆற்றில் குதித்தார். படகில் இருந்த ஒரு பையன் காப்பாற்றினான். அவர் சொன்ன கதை இந்தியப் பத்திரிகையில் வந்து நாட்டையே உலுக்கியது. அதே வருஷம் காந்தியின் நண்பரான வக்கீல் மணிலால் பிஜிக்கு வந்தார். 21 வருஷம் பிஜியில் இருந்து திரும்பிய தோத்தாராம் சனாத்யா 1914ல் தன் அனுபவங்களை இந்தியில் புத்தகமாக வெளியிட்டார். 1915ல் சி.எஃப். ஆண்ட்ரூஸும் பியர்சனும் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார்கள்.

தமிழில் இந்தக் குரல் பாரதியார் மூலமாக வந்தது. பிஜிக் கரும்புத் தோட்டங்களில் அல்லல்படும் பெண்களைப் பற்றி அவர் எழுதிய பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்த பலருக்கு, பிஜி எங்கே இருக்கிறது என்று தெரியாது. பாட்டு மட்டும் தெரியும்.

1916 மார்ச்சில் மதன்மோகன் மாளவியா கொண்டுவந்த தீர்மானத்தை வைஸ்ராய் ஹார்டிங் ஏற்றுக்கொண்டார். அந்த நவம்பரில் கடைசிக் கப்பல் சுவாவை அடைந்தது. 1920 ஜனவரி 1 அன்று மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்து ஆயின. 37 வருஷங்களில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் போயிருந்தார்கள். நான்கில் ஒருவர் சென்னை வழியாகப் போனவர்.

மயிலாப்பூரோடு ஒரு தொடர்பு

பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பவில்லை. சி.எஸ்.ஆரிடமும் பூர்வகுடிகளிடமும் துண்டு துண்டாக நிலம் குத்தகைக்கு எடுத்து அதே கரும்பைப் பயிரிட்டார்கள். தென்னிந்தியர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அங்கே ஏற்கனவே பொதுமொழியாக இருந்தது இந்தி. வந்தவர்கள் அதைக் கற்றுக்கொள்ளவேண்டி இருந்தது. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பெயர் "மதராஸி". பிள்ளைகள் வாயில் தமிழ் மெல்லத் தேய்ந்தது.

இதைப் பார்த்து மனம் நொந்தவர்களில் ஒருவர் சாது குப்புசாமி. அவரும் ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவர்தான். 1926 மே மாதம் நாண்டியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை ஆரம்பித்தார். கோயில் கட்டுவது, பள்ளிக்கூடம் நடத்துவது, தாய்மொழி சொல்லிக்கொடுப்பது இவைதான் குறிக்கோள்.

வழிகாட்ட ஆள் வேண்டும் என்று சங்கம் ராமகிருஷ்ண மிஷனைக் கேட்டது. தென்னாட்டில் அந்த இயக்கத்தின் முதல் மடம் 1897ல் சென்னையில் ஆரம்பித்தது. மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர் போகும் ராமகிருஷ்ண மடம் சாலைக்குப் பெயர் வரக் காரணமான மடம் அதுதான். 1937ல் சுவாமி அவினாசானந்தர் பிஜிக்குப் போனார். 1939ல் சுவாமி ருத்ரானந்தர் போனார். ருத்ரானந்தர் பிறகு வாழ்நாள் முழுக்க அங்கேயே உழைத்தவர்.

காவி கட்டியவர் பஜனை நடத்திக்கொண்டிருப்பார் என்றுதான் பிரிட்டிஷ் அரசாங்கம் நினைத்திருக்கும். அவரோ வக்கீல் ஏ.டி. படேலுடன் சேர்ந்து கரும்பு விவசாயிகள் பக்கம் நின்றார். 1943ல் கரும்புக்கு நியாய விலை கேட்டு விவசாயிகள் அறுவடையை நிறுத்தினார்கள். யுத்த காலம், சர்க்கரை அவசியம். அரசாங்கம் இருவரின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு விதித்தது. 1949ல் நாண்டியில் விவேகானந்தா உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் வக்கீலும் டாக்டரும் ஆனது இந்த மாதிரிப் பள்ளிகளால்தான். சங்கம் இன்றும் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. எல்லா இனத்துப் பிள்ளைகளும் அவற்றில் படிக்கிறார்கள்.

சர்க்கரை போய் சுற்றுலா வந்தது

இரண்டாம் உலகப்போரில் நாண்டியில் பெரிய விமானத்தளம் உருவானது. போர் முடிந்ததும் பசிபிக்கைக் கடக்கும் விமானங்கள் அங்கே இறங்கின. 1960களில் தீவு ரிசார்ட்டுகள் வந்தன. காஸ்ட்அவே தீவு விடுதி 1966ல், யனுதா தீவில் ஃபிஜியன் ஹோட்டல் 1967ல். சதுப்பு நிலமாகக் கிடந்த தெனராவைத் தூர்த்து 1975ல் ரீஜென்ட் ஹோட்டலைத் திறந்தார்கள். 1980ல் வந்த "தி ப்ளூ லகூன்" என்கிற ஹாலிவுட் படம் யசாவா தீவுக் கூட்டத்தில் எடுக்கப்பட்டு, தீவுக்கு உலக விளம்பரம் தேடித் தந்தது.

சி.எஸ்.ஆர். 1973ல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. ஆலைகள் அரசுக் கைக்கு வந்தன. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் சர்க்கரையைத் தாண்டிச் சுற்றுலா நாட்டின் முதல் வருமானம் ஆனது.

ஆனால் நிலப் பிரச்சினை தீரவில்லை. நாட்டின் நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பூர்வகுடிகளுடையது, விற்கமுடியாது. இது அவர்களைக் காப்பாற்றிய ஏற்பாடு என்பதை மறுக்கமுடியாது. ஹவாயிலும் நியூசிலாந்திலும் பூர்வகுடிகள் நிலத்தை இழந்த கதையோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அதே சமயம் மூன்று தலைமுறையாக உழுத இந்தியக் குடும்பத்துக்குக் குத்தகைத் தாளைத் தவிர வேறு பிடிப்பு இல்லை. 1997 முதல் 30 வருஷக் குத்தகைகள் முடியத் தொடங்கியபோது, பல குடும்பங்கள் வீட்டையும் வயலையும் விட்டுக் கிளம்பின.

அரசியல் அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 1987 மே 14 அன்று லெப்டினன்ட் கர்னல் சித்திவேனி ரபூக்கா ராணுவத்தை நாடாளுமன்றத்துக்குள் அழைத்துவந்து ஆட்சியைக் கவிழ்த்தார். இந்தியர் ஆதரவு பெற்ற கூட்டணி ஜெயித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தேதியைக் கவனியுங்கள். லியோனிதாஸ் கப்பல் வந்த அதே மே 14! 1986 கணக்கெடுப்பில் நாட்டில் கிட்டத்தட்ட பாதிப் பேர் (48.7 சதவீதம்) இந்தியர்கள். 2007ல் அது 37.5 சதவீதம். மிச்சப் பேர் சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர் என்று மறுபடி கப்பலேறாத குறையாகப் போய்விட்டார்கள்.

ஒவ்வொரு கலகத்தின்போதும் ஹோட்டல்கள் காலியாயின, கொஞ்ச நாளில் நிரம்பின. கலகத்துக்குப் பயந்து ரத்து செய்த பயணி அடுத்த வருஷம் தள்ளுபடி விலையில் வந்துவிடலாம். வீட்டை விற்றுவிட்டுப் போன குடும்பம் அப்படித் திரும்ப முடியாது.

திட்டம் போடுபவர்களுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்படியானால் பிஜிக்கே போகக்கூடாதா?" என்று கேட்கலாம். தாராளமாகப் போகலாம். போவதால் அங்கே பலருக்குச் சாப்பாடு கிடைக்கிறது. ஹோட்டலில் பெட்டி தூக்குபவரும், டாக்ஸி ஓட்டுபவரும், தோட்டத்தைப் பராமரிப்பவரும் பெரும்பாலும் சாதாரண பிஜிக்காரர்கள். ஆனால் பத்து நாள் திட்டத்தில் ஒன்றிரண்டு நாளைக் கடற்கரையை விட்டு வெளியே வைத்துக்கொள்ளலாம்.

நாண்டி மெயின் ரோட்டின் கோடியில் ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. சங்கம் நடத்தும் கோயில். பழைய கோயிலுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து சிற்பிகளை வரவழைத்து 1994ல் கட்டியது. வண்ண வண்ணக் கோபுரத்தைப் பார்த்தால் கபாலி கோயில் மாடவீதி ஞாபகம் வராமல் போகாது. அரைக்கால் சட்டை போட்டு வரும் வெள்ளைக்காரப் பயணிகள் இடுப்பில் துணி சுற்றிக்கொண்டு உள்ளே போவதைப் பார்க்கலாம்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போனால் மாரியம்மன் கோயில்களில் தீமிதி பார்க்கலாம். பெங்கா தீவுப் பூர்வகுடிகளுக்கும் நெருப்பில் காய்ந்த கல்லின்மேல் நடக்கும் வழக்கம் உண்டு. அதை ரிசார்ட்டுகளிலேயே நிகழ்ச்சியாகக் காட்டுகிறார்கள். மாரியம்மன் தீமிதிக்கு டிக்கெட் கிடையாது. விரதம் இருந்தவர்கள் பூக்குழி இறங்குவார்கள்.

தென்கரையில் கரும்பு ஏற்றிச் சென்ற பழைய குறுகிய ரயில் பாதையில் இப்போது பயணிகளைப் பெடல் வண்டியில் கூட்டிப்போகிறார்கள். கடலோரமாகப் போகும் அழகான பாதை. ஏறும்போது அது யாருக்காக, எதற்காகப் போட்ட தண்டவாளம் என்பது ஞாபகம் இருந்தால் போதும்.

சுவாவில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. சென்னையில் கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் எழுதிய குடியேற்றச் சீட்டு அங்கே பத்திரமாக இருக்கிறது. பெயர், தகப்பனார் பெயர், சாதி, வயது, உயரம், உடம்பில் அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப் பெயர்கள் பல அடையாளம் தெரியாமல் சிதைந்திருக்கின்றன. அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கொள்ளுப்பேரன் பேத்திகள் சென்னை வந்து இறங்கி, வேலூர், ஆற்காடு பக்கம் ஊர் தேடுகிறார்கள். அவர்களுடைய விடுமுறைத் திட்டம் அது.

2023ல் பிஜி அரசு கிர்மிட் தினத்தைப் பொது விடுமுறை ஆக்கியது. அந்த வருஷம் மே 14 அன்று, மறுபடி பிரதமராக வந்திருந்த அதே ரபூக்கா, 1987ல் செய்ததற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கிர்மிட்டியாக்கள் வந்து இறங்கி 144 வருஷம் கழித்து.

மே மாதம் பிஜிக்குப் போக நல்ல சீசன் என்று முன்பே பார்த்தோம். மே மாதத்தில் டிக்கெட் போடுபவர்கள் 14ஆம் தேதி அங்கே இருக்கிற மாதிரி போட்டுக்கொள்ளலாம்.